அம்மா கைய பஞ்சாக்குன கதை

நான் இப்ப ஆரணியில ஒரு பியூட்டி பார்லர்ல வேலை செய்றேன். கை காலு டிபார்ட்மெண்ட் மொத்தமும் நம்பளுதுதான். வர்ற பொம்பளைங்க கைய வெந்நியில ஊற வெச்சி, தேய்ச்சி, கிரீம் போட்டு, தொடைச்சி வுடுவேன். எட்டாங்கிளாசோட ஸ்கூலுக்கு ஒரு கும்புடு போட்டவளுக்கு, பேங்க் மேனேஜரம்மா கைய நீட்டிகினு எதிர்ல குந்தி கீறாங்கன்னா சும்மாவா. ஆனா ஒண்ணு. யாராச்சும் "வூட்லயே செய்ற மாதிரி ஏதாச்சும் சொல்லும்மா"ன்னு கேட்டா மட்டும் நான் வாயே தொறக்க மாட்டேன். ஓனரக்கா நெனச்சிகினு கீறாங்க, நான் பார்லருக்கு விசுவாசமா கீறேன்னு. அதெல்லாம் ஒரு மண்ணும் இல்ல. வெக்கம்.

அப்ப எனக்கு பன்னெண்டு வயசு இருக்கும். மூஞ்சி கருப்பு, முடி செம்பட்டை, அறிவு அது ரெண்டையும் விட மோசம். அப்பாவுக்கு பட்டுத்தறி. சேட்டு கடையில இருந்து பொடவ டிசைன அனுப்புறதுக்குன்னு ஒரு டச் ஃபோன் வாங்கி வெச்சிருந்தாரு. அதுல டிசைன் வந்ததோ இல்லியோ, வீடியோவுல ஒரு அக்கா வந்துகினே இருந்தாங்க. மத்தியானம் அந்த அக்கா மூஞ்சிக்கு கடலமாவு பூசுவாங்க. சாயங்காலம் அதே சமையல்கட்டுல நின்னுகினு, பத்தே நிமிஷத்துல குடும்பத்துக்கே ராத்திரி சாப்பாடு செய்றது எப்டின்னு சொல்லுவாங்க. பத்து நிமிஷத்துல எங்க வூட்ல வெங்காயத்த தேடி எடுக்கவே முடியாது. ஆனாலும் அந்த அக்கா சொன்னா எனக்கு வேதவாக்கு. நான் எங்க மிஸ்ஸு பாடத்த ஒரு நாளும் அப்டி கவனிச்சதில்ல.

எங்கம்மா வேலை பாவு பெணைக்கிறது. தெரியாதவங்களுக்கு சொல்றேன். பாவுன்னா தறியில நீளவாக்குல ஓடற நூலு. தறியில ஒரு பாவு நெய்ஞ்சி முடிஞ்சா, பழைய இழைங்களோட நுனி அப்டியே அச்சுல, அதான் இழைங்க நொழையற சீப்பு மாதிரி சட்டத்துல, மாட்டிகினு நிக்கும். புதுசா வர்ற பாவோட ஒவ்வொரு இழையையும் அந்த பழைய இழையோட சேக்கணும். முடிச்சு போடக் கூடாது. வெரல்ல சாம்பல தொட்டுகினு, ரெண்டு நுனியையும் ஒண்ணா புடிச்சி ஒரே திருகு. ஆயிரக்கணக்குல இழை, ஒவ்வொண்ணும் தலைமுடிய விட மெல்லிசு. எல்லாம் சேத்தப்பால, புதுப் பாவ அந்த பழைய இழைங்க வழியாவே அச்சுக்குள்ள மெதுவா இழுத்துக்கணும். திருகு நின்னா பாவு உள்ள வரும். நிக்கலன்னா அம்போ.

அம்மா திருகுனா நிக்கும். எங்க தெருவுல அம்மா கைக்குன்னு ஒரு பேரு இருந்திச்சி. எந்த வூட்ல பாவு முடிஞ்சாலும் "அத்தைய வர சொல்லுங்க"ன்னு ஆளு வரும். அந்த கைய நான் தொட்டு பாத்தா மட்டும் எனக்கு பேஜாரா இருக்கும். கட்டவெரலும் ஆள்காட்டி வெரலும் காஞ்சி போய், தோலு தடிச்சி, சொரசொரன்னு உப்புத்தாளு மாதிரி. ரேகையில எல்லாம் சாம்பலு.

ஒரு நாளு ஸ்கூலுக்கு ரேங்க் கார்டுல கையெழுத்து போட அம்மா வந்துச்சி. என் ரேங்க பாத்து அழுவறதா சிரிக்கிறதான்னு தெரியாம, பக்கத்துல நின்ன என் ஃபிரெண்டு கன்னத்த தடவி, "நீயாச்சும் நல்லா படிம்மா"ன்னு சொல்லிச்சி. அவ பஜார்ல ஸ்வீட் கடை வெச்சிருக்கறவரு பொண்ணு. அல்வா மாதிரி கன்னம். அம்மா அந்தாண்ட போனதும், கன்னத்த தேய்ச்சிகினு கேட்டா.

"இன்னாடி உங்கம்மா கை, பாத்திரம் தேய்க்கிற நாரு மாதிரி கீது."

சுத்தி இருந்த எல்லாரும் சிரிச்சாளுங்க. நானும் சிரிச்சேன். சிரிச்சதுல என் சத்தந்தான் ஜாஸ்தி.

கொஞ்ச நாள்ல அந்த ஃபிரெண்டு வயசுக்கு வந்துட்டா. ஆனி கடைசி. ஆடியில விசேஷம் வெக்க மாட்டாங்க இல்ல, அதனால ஆவணி மொத முகூர்த்தத்துல மஞ்சத்தண்ணி விசேஷம்னு பத்திரிகை வெச்சாங்க. ஸ்வீட் கடைக்காரரு எங்கப்பாகிட்ட தான் பொண்ணுக்கு பட்டுப்பாவாடை நெய்ய சொல்லி இருந்தாரு, அதனால குடும்பத்தோட வரணும்னு சொல்லிட்டு போனாரு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எந்த பொடவ கட்றதுன்னு அன்னிக்கே பொட்டிய எறக்கிடுச்சி.

எனக்கோ நலங்கு நெனப்பு வந்திடுச்சி. நலங்கு வெப்பாங்க இல்ல. வந்த பொம்பளைங்க எல்லாம் வரிசையா போய் அவ ரெண்டு கன்னத்துலயும் கையிலயும் சந்தனம் பூசணும். எங்கம்மா அந்த கைய வெச்சிகினு, அந்த அல்வா கன்னத்துல, மொத்த கிளாசும் பாத்துகினு நிக்க.

"நீ வராதம்மா"ன்னேன்.

"ஏன்டி?"

"வந்தாலும் சாப்ட்டு வந்துடு. மேடை ஏறாத. சந்தனம் பூசாத."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

"உன் கை கீச்சிடும் அவ மூஞ்சிய."

சொல்லிட்டேன். இப்பவும் அந்த வார்த்தைய நெனச்சா, பார்லர் கண்ணாடி எதிர்ல நிக்கறப்ப நான் வேற எங்கனா பாப்பேன். அன்னிக்கி நான் எங்கயும் பாக்கல. நேரா அம்மா மூஞ்சியதான் பாத்தேன், பதிலு வரட்டும்னு.

அம்மா திட்டல. கையில இருந்த பொடவய பொட்டி மேல வெச்சிட்டு, ரெண்டு கையையும் விரிச்சி வெளிச்சத்துல பாத்துச்சி. யாரோட கையோ மாதிரி திருப்பி திருப்பி பாத்துச்சி. அப்பால கேட்டுச்சி.

"இதுக்கு இன்னாடி பண்றது?"

கேக்கணுமா. நம்ப டாக்டரம்மா ரெடி. ஃபோன எடுத்து அந்த அக்கா வீடியோவ போட்டேன். கரடுமுரடான கையும் குழந்தை கை மாதிரி ஆவும்னு அந்த அக்கா சத்தியம் பண்ணாத குறை. ஒரு வாரம் விடாம செய்யணும். உருளக்கெழங்கு சாறு, தயிரு, கடலமாவு கலந்து ஒரு மணி நேரம் பூசி வெக்கணும். கழுவிட்டு சர்க்கரையும் தேங்காண்ணையும் எலுமிச்சம்பழ சாறும் போட்டு தேய்க்கணும். அப்பால வாஸ்லின் தடவி, விடியற வரைக்கும் கையுறை போட்டுக்கணும். எங்க வூட்ல கையுறைக்கு எங்க போறது. பட்டுப்பொடவ போடற பிளாஸ்டிக் கவர கட் பண்ணி, அம்மா ரெண்டு கையிலயும் மாட்டி, மணிக்கட்டுல ரப்பர் பேண்ட போட்டேன். அம்மா ரெண்டு கையையும் மேல தூக்கி வெச்சிகினு குந்தி இருந்ததப் பாத்து தம்பி சொன்னான், "அம்மா, நீ கடையில வெச்ச பொம்மை மாதிரி கீற. வெல எவ்ளோன்னு ஒட்டலையா?"

அம்மா கை கவருக்குள்ள இருந்தா சோறு யாரு ஆக்கறது? நான்தான். அதுக்கும் அந்த அக்காதான். பத்து நிமிஷ சாப்பாடு.

நான் ரொம்ப கெட்டிக்காரி. எதையும் வீணாக்க மாட்டேன். உருளக்கெழங்க துருவி புழிஞ்சி, சாற அம்மா கைக்கு ஊத்துனேன். சக்கைய பொரியலு பண்ணேன். அப்பா ஒரு வாயி போட்டாரு, மென்னாரு, மென்னுகினே இருந்தாரு.

"இன்னாமே இது, தேங்கா நாரா?"

"உருளக்கெழங்குப்பா"ன்னேன்.

"உருளக்கெழங்கா? அதோட உசுரு எங்க?"

அம்மா கவரு மாட்டுன கைய தூக்கி காட்டுச்சி. அம்மா அப்டி வாய் விட்டு சிரிச்சி நான் அதிகம் பாத்ததில்ல.

மறுநாளு தக்காளி. பாதி தக்காளிய சர்க்கரையில தொட்டு தேய்ச்சா கை பளபளன்னு ஆவுமாம். தேய்ச்சேன். தேய்ச்ச தக்காளிய தூக்கி போட மனசு வரல. கழுவிட்டு சட்னியில போட்டுட்டேன். அப்பா "இன்னிக்கி சட்னி ஒரு தினுசா இனிப்பா நல்லா கீதே"ன்னு ரெண்டு தோசை ஜாஸ்தியா சாப்ட்டாரு. இது வரைக்கும் அவருக்கு தெரியாது. தெரிய வேணாம்.

அம்மாவுக்கு கையால சாப்ட முடியாது இல்ல, நான்தான் ஊட்டுவேன். அம்மா ஆன்னு வாயத் தொறக்கும். நான் அதட்டுவேன், "ஜல்தி முழுங்கு, தட்டு கழுவணும்"னு. அது தெனம் எங்கிட்ட சொல்றத நான் அதுகிட்ட சொன்னேன். அம்மா முழுங்கும்.

அப்பாவுக்கு மட்டும் உள்ளுக்குள்ள இன்னாவோ ஒதைச்சிகினே இருந்திச்சி. ஒரு நாளு ஊட்டி வுட்டுகினு இருக்கறப்ப, அம்மா பக்கம் திரும்பாமயே சொன்னாரு.

"எதிர் வூட்ல பாவு முடியற மாதிரி கீது. கைய இப்டி எண்ணையில ஊற போட்டுகினு குந்தி கீற."

"வந்தா பாத்துக்கலாம்"னு அம்மா சொல்லிச்சி.

"வெரலு வழுக்கும்மே."

"சாம்பலு இல்ல? பாத்துக்கலாம்ங்க. கொழந்த ஆசையா செய்து."

அப்பா எழுந்து தறிக்கு போய்ட்டாரு. நான் இன்னொரு உருண்ட உருட்டுனேன்.

நாலாவதோ அஞ்சாவதோ நாளு, சனிக்கெழமை, எதிர் வூட்டு பெரிப்பா காலையிலயே வந்து நின்னுட்டாரு. ஆவணி முகூர்த்தத்துக்கு கடைக்காரங்க ஜல்தி பண்றாங்க, பாவு வந்துடுச்சி, இன்னிக்கே பெணைச்சி குடுத்துடும்மான்னு. அம்மா கவர கழட்டி போட்டுட்டு கொல்லப் பக்கம் போச்சி. புளி போட்டு தேய்ச்சிச்சி. சீக்கா போட்டு தேய்ச்சிச்சி. தொவைக்கிற கல்லுல வெரல வெச்சி தேய்க்கறத நானே பாத்தேன். எனக்கு எவ்ளோ கோவம் வந்திச்சி தெரியுமா. நான் அத்தன நாளா கஷ்டப்பட்டு பூசுனத எல்லாம் ஒரே காலையில கல்லுல கரைக்குதேன்னு.

மத்தியானம் சும்மா எட்டிப் பாக்க எதிர் வூட்டுக்கு போனேன். எப்பவும் அம்மா பாவு பெணைக்கிறத பாத்தா, கை ஓடறதே தெரியாது. பக்கத்துல குந்தி இருக்கறவங்ககிட்ட கதை பேசிகினே இருக்கும், வெரலு அது பாட்டுக்கு போவும். அன்னிக்கி அம்மா பேசல. ஒரு இழைய புடிக்கும், திருகும், திரும்ப சாம்பல தொடும், அதே இழைய இன்னொரு வாட்டி திருகும். நெத்தியில வேர்வ. பெரிம்மா காத்தாடிய அம்மா பக்கம் திருப்பப் போனாங்க, இழை பறக்கும் வேணாம்னு அம்மா சொல்லிடுச்சி.

நான் சும்மா இருந்திருக்கலாம். "பெரிம்மா, எங்கம்மா கைய தொட்டு பாருங்க, எப்டி..."ன்னு ஆரம்பிச்சேன்.

"போடி. போய் அரிசிய ஊற வெய்யி"ன்னு அம்மா வெரட்டிச்சி. தலைய தூக்காமயே.

எனக்கு பெருமைய சொல்லிக்க வுடல, அவ்ளோதான் எனக்கு தோணிச்சி.

பொழுது சாய பாவு இழுத்தாங்க. அச்சுக்கு முன்னாடி பெரிப்பா, பின்னாடி பாவ தாங்கிகினு எங்கப்பா. வேடிக்கை பாக்க தெரு ஆளுங்க ஒரு நாலு பேரு. நான் கையில கரண்டியோட வாசப்படியில நின்னுகினு இருந்தேன். அன்னிக்கி பத்து நிமிஷத்துல தக்காளி சாதம், அடுப்புல வெச்சிட்டு வந்திருந்தேன்.

பெரிப்பா மெதுவா இழுத்தாரு. மொத கொஞ்சம் வந்திச்சி. அப்பால ஓரத்துல ஒரு இழை துள்ளிச்சி. இன்னொண்ணு. அவரு நிறுத்திட்டு பாத்தாரு, திரும்ப ரொம்ப மெதுவா இழுத்தாரு. கொத்தா உருவிகினு வந்திடுச்சி. பழைய இழை அவரு கையோட வருது, புதுசு அந்தாண்டயே தொங்குது. ஒரு எடத்துல இல்ல, குறுக்க முழுசா. உருவுன இழைய எல்லாம் இனிமே ஒண்ணொண்ணா அச்சுல கோக்கணும். முகூர்த்த நேரத்துல தறி நிக்கும். அது அங்க நின்ன எல்லாருக்கும் தெரியும்.

"இன்னாம்மா இது"ன்னாரு பெரிப்பா. கோவமா கூட கேக்கல. நெஜமாவே தெரியாமதான் கேட்டாரு. அம்மா திருகு உருவி அவரு பாத்ததே இல்ல.

அம்மா என்னைப் பாத்துச்சி. நான் கரண்டிய பின்னாடி மறைச்சேன், ஏன்னு எனக்கே தெரியாது. அப்பா வாயத் தொறந்தாரு. அதுக்குள்ள அம்மா சொல்லிச்சி.

"கண்ணு மங்கலா தெரியுது மாமா. கொஞ்ச நாளாவே அப்டித்தான் கீது. சொல்லாம வந்துட்டேன். எம்மேலதான் தப்பு."

அப்பா தொறந்த வாய மூடிக்கினாரு.

"கண்ணாம்மா? அட, அத மொதல்லயே சொல்றதுதான? வேலூருக்கு இட்டுகினு போய் காட்டு"ன்னு பெரிப்பா அப்பாகிட்ட சொன்னாரு. ரொம்ப நல்ல மனுசன். பெரிம்மா அம்மாவுக்கு டீ போட்டு குடுத்தாங்க. அம்மா அத குடிக்கவும் முடியாம வெக்கவும் முடியாம கையில வெச்சிகினு நின்னுச்சி. கூட்டத்துல ஒரு கிழம் மட்டும், "வயசாவுது இல்ல, எல்லாருக்கும் வர்றதுதான்"னு சொல்லிகினு நடந்திச்சி. அம்மாவுக்கு அப்ப முப்பத்தஞ்சு கூட ஆயிருக்காது. தக்காளி சாதம் அடி புடிச்ச வாசன தெரு வரைக்கும் வந்திச்சி.

ராத்திரி அப்பா அவரு தறிய வுட்டுட்டு எதிர் வூட்டுல அச்சு கோக்க போய்ட்டாரு. கருகுன சாதத்த தம்பி ஒருத்தன்தான் சாப்ட்டான். அம்மா செவுத்துல சாஞ்சிகினு இருந்திச்சி. நான் பக்கத்துல போய் குந்துனேன்.

"உனக்கு கண்ணு நெஜமாவே தெரியலயாம்மா?"

அம்மா கைய நீட்டுச்சி. "உன் மூக்கு தெரியுது"ன்னு சொல்லி மூக்க புடிச்சி கிள்ளிச்சி. அப்பால ரெண்டு கையையும் என் மடியில போட்டுச்சி. "வாரம் இன்னும் முடியல இல்ல? போடு."

நான் போட்டேன். சந்தோஷமா போட்டேன். அதோட நிறுத்துனேனா? நம்பளுக்கு தெரிஞ்ச வைத்தியம் ஒண்ணா ரெண்டா. அம்மாவுக்கு கண்ணு மங்கலாயிடுச்சே, வுடலாமா? ஃபோன்ல தேடுனேன். வெள்ளரிக்கா வட்டமா வெட்டி கண்ணு மேல வெக்கணும்னு அந்த அக்கா சொன்னாங்க. அது கருவளையத்துக்குன்னும் சொன்னாங்க, அத நான் கேட்டுக்கல. ராத்திரி சாப்பாட்டுக்கு பொன்னாங்கண்ணி கீரை, கேரட்டு, திரும்பவும் பொன்னாங்கண்ணி. தம்பி "நாம இன்னா ஆடா?"ன்னு கேட்டான். அம்மா தெனம் படுத்துகினு கண்ணு மேல வெள்ளரிக்காய வெக்க சொல்லும். சில நாளு வெள்ளரிக்கா ஓரத்துல தண்ணி வழியும். வெள்ளரிக்காயில தண்ணி ஜாஸ்தின்னு அந்த அக்காவே சொல்லி இருந்தாங்க.

ஆடி வந்திச்சி. ஆவணி முகூர்த்தத்துக்காக தெருவே தூங்காம நெய்ஞ்சிது. வூட்டுக்கு வூடு பாவு முடியுது, புதுப் பாவு வருது. பாவு பெணைக்க அந்தாண்ட தெருவுல இருந்து வேற ஒரு அக்கா சாம்பல் டப்பாவோட எங்க வாசல தாண்டி போவாங்க. பாத்தா அம்மாவப் பாத்து சிரிப்பாங்க. அம்மாவும் சிரிக்கும். "கண்ணு எப்டி கீது அண்ணி?"ன்னு கேப்பாங்க. "பரவால்ல"ன்னு சொல்லும். எங்க வாசல்ல வந்து "அத்தைய வர சொல்லுங்க"ன்னு மட்டும் யாரும் நிக்கல. அம்மா வாசல் பெருக்கும், அரிசி பொறுக்கும், அப்பா தறிக்கு குறுக்கு நூல தாருல சுத்தி குடுக்கும். மத்தியானத்துல ஃபோன வாங்கி என்கூட குந்தி அந்த அக்காவ பாக்கும். முன்ன எல்லாம் அம்மா மத்தியானத்துல வூட்லயே இருந்ததில்ல. எங்கூட வீடியோ பாக்க ஆளு கெடைச்சிடுச்சேன்னு எனக்கு ஒரே குஷி.

ஆவணியில அந்த விசேஷம் வந்திச்சி. கிளாசு மொத்தமும் முன் வரிசையில குந்தி இருந்தோம். ஃபிரெண்டு எங்கப்பா நெய்ஞ்ச பாவாடையில ஜம்முனு சேருல. அம்மா பேரு சொல்லி கூப்ட்டாங்க. அம்மா மேடைக்கு கீழயே நின்னு என்னப் பாத்துச்சி. ஏறட்டுமான்னு கேக்கற மாதிரி. நான் பெரிய மகாராணி, தலைய ஆட்டி உத்தரவு குடுத்தேன். அம்மா ஏறி, சந்தனத்த தொட்டு, அவ கன்னத்துல வெச்சி மெதுவா தடவுச்சி. நான் அவ மூஞ்சியவே பாத்தேன். அவ சுளிக்கல. நலங்கு முடிஞ்சதும் என்ன கூப்ட்டு காதுல கேட்டா.

"இன்னாடி போட்டீங்க உங்கம்மா கைக்கு? பஞ்சு மாதிரி கீது."

அவ்ளோதான், எனக்கு காலு தரையில நிக்கல. சாப்பாட்டு பந்தியில அவ அத்தை, சித்தி, கிளாசு பொண்ணுங்க எல்லாரும் அம்மா கைய மாத்தி மாத்தி தொட்டு பாத்தாங்க. அம்மா சிரிச்சிகினே, "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, எல்லாம் எம் பொண்ணு வேலை"ன்னு என்ன காட்டி வுட்டுச்சி. நான் எலையில சோறு ஆறுறது கூட தெரியாம ஒவ்வொருத்தருக்கா சொன்னேன். உருளக்கெழங்கு, தயிரு, சர்க்கரை, எண்ணெ, எலுமிச்சம்பழம். ஒரு வாரம் போட்டா போதும், இத்தன நாளானாலும் பாருங்க அப்டியே கீதுன்னு.

எதிர் வூட்டு பெரிம்மா கூட வரல. தறிய வுட்டுட்டு வர முடியலயாம். எங்க தெருவுல இருந்து வந்த பொம்பளைங்களும் மொய்ய வெச்சிட்டு, அவசரமா ரெண்டு வாயி அள்ளி போட்டுகினு கெளம்பிட்டாங்க. எங்கம்மா ஒருத்திதான் கடைசி பந்தி வரைக்கும் குந்தி, இன்னொரு வாட்டி பாயாசம் வாங்கி, நிதானமா குடிச்சிகினு இருந்திச்சி. எல்லா அம்மாவும் ஓடிகினு கீறாங்க, எங்கம்மாவுக்கு மட்டும் எவ்ளோ நேரம் கீது பாருன்னு நான் ஃபிரெண்டுகிட்ட பெருமையா சொன்னேன்.